காத்திருப்பையும் வரைய வேண்டும்: ஒரு பனியன் கம்பெனியில் பணியோட்டம் கற்ற அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதப் போன இடத்தில்தான் பிசினஸ் பிராசஸ் மாடலிங்கை, அதாவது ஒரு நிறுவனத்தின் வேலை எப்படி நகர்கிறது என்ற பணியோட்டத்தைப் படமாக வரைவதை, நான் கற்றேன். கல்லூரியில் பாய்வுப் படம் வரைந்ததுண்டு. மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிப்பது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்ப்பது போன்றவை. அந்தப் படங்களில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நிறுவனத்தில் என்னிடம் கேட்டதோ கேட்பதற்கு மிக எளிய ஒன்று: சாயத்துக்குப் போன துணி இப்போது எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று திரையில் தெரிய வேண்டும்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து பையர் ஆர்டர் கொடுப்பார். நூல் வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து இன்னும் சாயம் போடாத கிரே துணி வரும். அது சாயப்பட்டறைக்குப் போய், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங்குக்கு வரும். வெட்டிய துண்டுகளில் சில பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பும். அதன் பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பல வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஜாப் ஒர்க்காக வெவ்வேறு முதலாளிகளின் யூனிட்டுகளில் நடக்கின்றன. துணி ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் டெலிவரி சலான் ஒன்று கூடவே போகும். டிசி என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். ஒரு சாதாரண டி-ஷர்ட் கப்பல் ஏறுவதற்குள் எத்தனை முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களில் ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதல் சந்திப்பிலேயே நிறுவனத்தின் உரிமையாளர் முழுச் செயல்முறையையும் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். ஆர்டர் வரும், நூல் வாங்குவோம், ஓட்டுவோம், சாயம் போடுவோம், தைப்போம், அனுப்புவோம். வரைந்தால் ஒரே நேர்க்கோட்டில் சில பெட்டிகள், நடுவில் அம்புகள். அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசிக்கு வந்த அழைப்புகளைக் கவனித்தேன். ஒன்றுகூட அந்தப் பெட்டிகளைப் பற்றியதல்ல. வண்டி கிளம்பிவிட்டதா, கலர் ஓகே ஆகிவிட்டதா, மீதி எப்போது வரும் என்று எல்லாமே அம்புகளைப் பற்றியவை. பணியோட்டம் வரையக் கற்பவர் முதலில் பழக்கிக்கொள்ள வேண்டிய பார்வை இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். வேலை நடக்கும் இடத்தை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வேலை கிடக்கும் இடத்தை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

தோண்டுவதற்கு ஒரு முறை உண்டு. "சாதாரணமாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் சாதாரணமான பதில்தான் வரும். துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். (லாட் என்பது சேர்த்துச் சாயம் போடும் ஒரு தொகுதித் துணி; ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை.)

"லாட் வந்ததும் என்ன செய்வீர்கள் அண்ணா?"

"எடை போடுவோம் தம்பி. டிசியோடு ஒத்துப் பார்ப்போம். ஜி.எஸ்.எம். பார்ப்போம். ரேக்கில் ஏற்றிவிடுவோம்."

"கடைசியாக வந்த லாட்டின் டிசியைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

எடுத்துக் கொடுத்தார். அதில் பாதி எடைதான் இருந்தது. மீதி பட்டறையிலேயே இருந்தது. கட்டிங்கில் அவசரம் என்று கேட்டதால் வந்த அளவுக்கு வாங்கிவிட்டார்கள். டயா, அதாவது துணியின் அகலம், கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு, "பரவாயில்லை" என்று அவர் சொன்ன பிறகே இறக்கியிருக்கிறார்கள். நான்கு வாக்கியங்களில் சொன்ன "சாதாரணத்தில்" இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் பொதுவாகக் கேட்பதையே விட்டுவிட்டேன். முடிந்துபோன ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி அதன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஒரு தாளின் தேதிக்கும் அடுத்த தாளின் தேதிக்கும் இடையில் பெரிய இடைவெளி தெரிந்தால், அந்த நாள்களில் துணி யார் கையில் இருந்தது, யாருடைய சொல்லுக்காக இருந்தது என்று மட்டும் கேட்பேன். மேலாளரிடம் ஒரு முறை, எழுத்தரிடம் தனியாக ஒரு முறை. இருவரும் வேறு வேறு சொல்வார்கள். இருவருமே உண்மையைத்தான் சொல்வார்கள். ஒருவர் விதியைச் சொல்கிறார், மற்றவர் வழக்கத்தைச் சொல்கிறார்.

கிடங்கில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருந்தது. லாட் எண், எடை, ரோல் எண்ணிக்கை என்று அச்சடித்த படிவத்தில் இருந்த எல்லாம் அதிலும் இருந்தன. கூடவே, கையால் கோடு போட்ட ஒரு கட்டம்: யாரிடம் கேட்டது, என்ன சொன்னார்கள். "முருகன் தியேட்டர் பக்கம் வண்டி நிற்கிறது", "பாய்லர் ரிப்பேர், வியாழன்" என்றெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. பல மாதங்கள் செலவழித்து யாரோ வாங்கிய பழைய மென்பொருளில் அந்தக் கட்டம் இல்லை. அதனால்தான் அந்த மென்பொருளை யாரும் திறக்கவில்லை என்பது என் கருத்து.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். வேலையைப் படமாக வரையும் வழக்கம் கணினித் துறையில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921இல் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறைப் படங்களைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். அந்த மரபைத் தொடர்ந்து அதே சங்கம் 1947இல் ஐந்து குறியீடுகளைத் தரப்படுத்தியது: செய்தல், நகர்த்துதல், சோதித்தல், தாமதம், சேமிப்பு. ஐந்தில் இரண்டு, வேலை எதுவும் நடக்காத நிலைகளுக்கானவை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையைப் பார்த்து வரைந்தவர்களுக்குக் காத்திருப்பு கண்ணில் பட்டிருக்கிறது. அதே 1947இல்தான் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் கணினி நிரலுக்கான பாய்வுப் படங்களைத் தங்கள் அறிக்கையில் வெளியிட்டார்கள். நிரலுக்குக் காத்திருக்க என்ன இருக்கிறது? ஒரு கட்டளை முடிந்தால் அடுத்தது. அந்த வழியில் வந்த படத்தைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு, "தாமதம்" என்று ஒரு குறியீடு இருக்க முடியும் என்பதே தோன்றுவதில்லை.

நான் பயன்படுத்தியது பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறை. 2004இல் அதன் முதல் பதிப்பு வந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கும் 2.0 பதிப்பை ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு 2011இல் வெளியிட்டது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. குறியீடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாத வேலை. வேலைக்குச் செவ்வகம், முடிவுக்கும் இணைப்புக்கும் சாய்சதுரம், நிகழ்வுக்கு வட்டம், நிறுவனத்துக்கு ஒரு பெரிய கட்டம், அதற்குள் பொறுப்பாளருக்கு லேன் என்ற ஒரு நீளப் பட்டை. இவ்வளவு தெரிந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். இவற்றில் வட்டங்களுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அஞ்சல் உறை போட்ட வட்டம் ஒரு செய்திக்காகக் காத்திருக்கிறது. கடிகாரம் போட்ட வட்டம் நேரத்துக்காகக் காத்திருக்கிறது. 1947இன் தாமதக் குறியீடு வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

அந்த முறையில் ஒரு விதி, முதலில் எரிச்சலூட்டிப் பிறகு கண்ணைத் திறந்தது. ஒரு நிறுவனத்தின் கட்டத்துக்குள் மட்டுமே தொடர் அம்பு போக முடியும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே விட்டுவிட்டுப் போகும் கோடு மட்டும்தான்; அது செய்தியைக் குறிக்கும், கட்டளையை அல்ல. சாயப்பட்டறை வேறொருவருடையது. ஆகவே "சாயமிடுதல்" என்ற செவ்வகத்தை எங்கள் கட்டத்துக்குள் வரைய எனக்கு உரிமை இல்லை. எங்கள் வேலைகள் இரண்டே: துணியை அனுப்புவது, வந்ததை வாங்குவது. நடுவில் இருப்பது காத்திருப்பு. உரிமையாளர் சொன்ன நேர்க்கோட்டிலிருந்து அந்தச் செவ்வகத்தை அழித்து அங்கே ஒரு வட்டத்தைப் போட்டதும் கேள்விகள் தாமாக வந்தன. என்ன செய்தி வந்தால் இந்த வட்டம் விடுவிக்கும்? வண்டி வந்ததா, எடை ஒத்ததா, தர ஒப்புதலா? பாதி வந்தால்? வராமலே போனால்?

ஓ.எம்.ஜி. 2010இல் வெளியிட்ட எடுத்துக்காட்டுத் தொகுப்பில் பீட்சா வாங்கும் படம் ஒன்று உண்டு. பயிற்சி வகுப்புகளில் அதை வேடிக்கையாகக் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். பசித்தவர் ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டில் ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்: பீட்சா வர வேண்டும், அல்லது 60 நிமிடம் கடக்க வேண்டும். கடந்தால் கடைக்குக் கூப்பிட்டு எங்கே என்று கேட்கிறார். கடைக்காரர் பக்கத்தில் அவரைச் சமாதானப்படுத்துவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. சாயப்பட்டறையோடு எங்கள் உறவு முழுவதும் அந்தப் படத்தில் இருந்தது.

இதே அமைப்பு லேப் டிப் விஷயத்தில் இன்னும் கூர்மையாகப் பயன்பட்டது. பையர் கேட்ட நிறத்தைப் பட்டறை சிறு துண்டுத் துணியில் இரண்டு மூன்று சாயல்களில் போட்டுக் கொடுக்கும். அதைக் கூரியரில் அனுப்பி, பையர் தேர்ந்தெடுத்த பிறகுதான் முழு லாட்டுக்குச் சாயம். இதை யார் வரைந்தாலும் ஒரு சாய்சதுரம் போட்டு "ஒப்புதல் கிடைத்ததா? ஆம், இல்லை" என்று எழுதுவார்கள். நிஜத்தில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: பதிலே வரவில்லை. நாள்கள் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். நிராகரித்தால் உடனே மறு லேப் டிப் போட ஓடுவார்கள். மௌனத்துக்கு யாரும் ஓடுவதில்லை.

மௌனத்தை வரைவது என்றால் ஒரு டைமரை ஒட்டிவிட்டு நகர்வதல்ல. பி.பி.எம்.என்.னில் இருவகை டைமர் உண்டு. புள்ளிக்கோட்டு வட்டம் காத்திருப்பைக் கலைக்காது; ஒரு நினைவூட்டலை மட்டும் அனுப்பும். முழுக்கோட்டு வட்டம் காத்திருப்பை முறித்து வேறு வழியில் கொண்டுபோகும். முதலாவதை நிரலாளரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவதை அவர் தொடவே கூடாது. எத்தனை நாள் பதில் இல்லையென்றால் உரிமையாளர் நேரடியாகப் பேசுவது? பையரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சாயம் போடலாமா? ஷிப்மென்ட் தேதி தள்ளும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விகளை மேசையில் வைத்தபோது, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் உற்பத்தி மேலாளருக்கும் இடையே அரை மணி நேரம் சூடான பேச்சு நடந்தது. அதுவரை அந்த முடிவு யாருடையது என்றே நிறுவனத்தில் தீர்மானம் ஆகியிருக்கவில்லை. என் வேலை அந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுப்பது மட்டும்.

லேப் டிப் நடக்கும்போதே நூல் வாங்குவதும் நிட்டிங்கும் இன்னொரு பக்கம் நடக்கலாம். கிரே துணிக்கு நிறம் தேவையில்லை. இரண்டு கிளைகளும் வந்து சேர்ந்த பிறகே சாயத்துக்கு அனுப்ப முடியும். இங்கே குறியீட்டின் தர்க்கத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் போட்ட அடித்தளத்திலிருந்து வளர்ந்த சிந்தனை இது. வரைபடத்தின் மேல் ஒரு டோக்கன் நகர்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டல் குறி போட்ட சாய்சதுரத்தில் டோக்கன் கிளைக்கு ஒன்றாகப் பெருகும். இணையும் இடத்தில் எல்லாக் கிளைகளின் டோக்கனும் வந்தால்தான் நகரும். பெருக்கல் குறி போட்டதில் ஒரே ஒரு கிளையில் மட்டும் போகும். பெருக்கல் குறியில் பிரித்துக் கூட்டல் குறியில் சேர்த்தால், வராத டோக்கனுக்காகப் படம் முடிவில்லாமல் நின்றுவிடும். கூட்டலில் பிரித்துப் பெருக்கலில் சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இரண்டு முறை ஓடும். ஒரே துணிக்கு இரண்டு டிசி அடிக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஐம்பது காசு நாணயத்தைப் படத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். அலுவலகத்தில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

தர்க்கம் சரியாக இருந்தும் நடைமுறை வேறு மாதிரி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பையர் ஒரு நிறத்தையே ரத்து செய்துவிட்டால் லேப் டிப் கிளை திரும்பி வராது. நிட்டிங் முடிந்த கிரே துணி கிடங்கில் இணைப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். திரையில் அது "நடப்பில்" என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும், "இந்தக் கிளை இனி வராது" என்று சொல்லும் வழி ஒன்றை வரைந்தே ஆக வேண்டும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது குறியீடு அல்ல. ஒரு செயல்முறையின் ஓர் ஓட்டம் என்பது எதை வைத்து, என்ற கேள்விதான். ஆர்டரா? ஓர் ஆர்டரில் பல நிறங்கள், ஒரு நிறத்துக்குப் பல லாட். லாட்டா? சாய எந்திரத்தின் கொள்ளளவை நிரப்ப, ஒரே நிறமுள்ள இரண்டு ஆர்டர்களின் துணியைச் சேர்த்து ஒரே லாட்டாகப் போடுவதும் உண்டு. அப்போது ஒரு லாட்டுக்கு இரண்டு ஆர்டர். டிசியா? ஒரு லாட் மூன்று டிசிகளில் திரும்பலாம். பணியோட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளை வான் டெர் ஆல்ஸ்டும் அவருடைய சகாக்களும் 2003இல் இருபது வகைகளாகத் தொகுத்தார்கள். எத்தனை பிரதிகள் ஓடும் என்று முன்கூட்டியே தெரியாத நிலை அவற்றில் ஒன்று. அதைப் படித்தபோது, எங்கள் கிடங்கு அண்ணனின் தலைவலிக்குப் பேராசிரியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆறுதல்.

கடைசியில் இரண்டு செயல்முறைகளாகப் பிரித்தோம். ஆர்டரின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஓட்டம். ஒவ்வொரு லாட்டுக்கும் தனியாக ஓர் ஓட்டம். ஒன்றையொன்று அம்பால் இணைக்கவில்லை. லாட் தனக்கு ஏதாவது நடந்தால் செய்தி சொல்லும். நிறம் தனக்குத் தேவையான கிலோ சேர்ந்துவிட்டதா என்று கணக்குப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரே பிரம்மாண்டப் படத்தில் திணிக்கும் ஆசையைத் தடுத்தால் பாதிச் சிக்கல் குறைந்துவிடும். சுவரை அடைக்கும் படம் பார்வையாளருக்கு மரியாதை உணர்வைத் தரும். யாரும் படிக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த துணியில் நிறம் மாறியிருந்தால் மறு சாயத்துக்கு அனுப்புவார்கள். முதலில் இதை "பின்வாங்கல்" என்று நினைத்து, பழைய டிசியை ரத்து செய்யும் பொத்தானைக் கேட்டார்கள். நடந்ததை அழிக்க முடியாது. துணி போனது உண்மை, வந்தது உண்மை, எடை குறைந்தது உண்மை. புதிய டிசி, தேவைப்பட்டால் பட்டறைக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள்ள ஒரு டெபிட் நோட்டு, இவைதான் திருத்தம். தரவுத்தள உலகில் இதற்கு சாகா என்று பெயர். 1987இல் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய கட்டுரையில் வந்த கருத்து. வாரக்கணக்கில் நீளும் வேலையை ஒரே பரிவர்த்தனையாகப் பூட்டி வைக்க முடியாது. சின்னச் சின்னப் படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் எதிர்ப்படியைச் சேர்த்து வைக்க வேண்டும். ஈடுகட்டுவது வேறு, இல்லாமலாக்குவது வேறு. திருப்பூரின் கணக்கர்களுக்கு இது எப்போதோ தெரியும்.

சட்டமும் ஒரு டைமர் வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், பிரிவு 143இன்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரி வரும். மூலதனப் பொருளுக்கு மூன்று ஆண்டு. அதே பிரிவு, ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து நேரடியாக இன்னொன்றுக்கு அனுப்பவும் அனுமதிக்கிறது. துணி சாயப்பட்டறையிலிருந்து எங்கள் வாசலுக்கு வராமலே காம்பாக்டிங்குக்குப் போவது அன்றாடம் நடக்கும் விஷயம். ஆகவே "வந்து சேர்ந்தது" என்பதை எங்கள் எடைத்தராசோடு மட்டும் கட்டிப்போட முடியவில்லை.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டி எல்லோரையும் பார்க்கச் சொன்னபோது மூத்த மெர்ச்சண்டைசர் அம்மா ஒருவர் கேட்டார்: "பட்டறையையே மூடிவிட்டால்?" இளையவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் வேலை பார்த்தவர் அவர். உள்ளே கிடந்த துணியை எடுத்து வெளியூர்ப் பட்டறைகளுக்கு மாற்றி அலைந்ததை விவரித்தார். "லாட்டை வேறு பட்டறைக்கு மாற்று" என்ற கிளை அப்படித்தான் படத்தில் சேர்ந்தது. பாய்லர் பழுது, மின்தடை, பணத் தகராறு என்று அது அதற்குப் பிறகு எத்தனையோ சின்னக் காரணங்களுக்குப் பயன்பட்டது. விதிவிலக்குகளைக் கேட்க வேண்டுமானால் அதிக நாள் வேலை பார்த்தவரை அழையுங்கள்; கூட்டத்துக்குக் கூப்பிடும் பட்டியலில் அவர் பெயர் பொதுவாக இருக்காது.

மென்பொருள் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே பயன்பட்ட ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்து வெளியிட்ட விதி: உள்ளே கிடப்பவற்றின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நாளைக்கு எத்தனை கடக்கின்றன என்பதை, ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதால் பெருக்கினால் வருவது. பட்டறைகளில் 60 லாட் கிடக்கின்றன, நாளுக்கு 4 திரும்புகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு லாட் சராசரியாக 15 நாள் வெளியே இருக்கிறது. எந்திரத்துக்குள் துணி இருப்பதோ சில மணி நேரம். பட்டறையின் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்கள், அதன் பிறகு எதை எப்போது அனுப்புவது என்று பேச ஆரம்பித்தார்கள். லேப் டிப் ஒப்புதல் வராத துணியையும் இடம் அடைக்கிறது என்று முன்கூட்டியே பட்டறைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அந்தத் துணி எங்கள் கிடங்கில் காத்திருப்பதற்குப் பதில் அங்கே காத்திருந்தது, அவ்வளவே.

கட்டும்போது எந்தக் கருவி என்ற கேள்வி எழும். காமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற எஞ்சின்கள் பி.பி.எம்.என். படத்தையே ஓட்டக்கூடியவை. ஒரு சின்னக் குழு, ஒன்றிரண்டு செயல்முறை என்றால் நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். தரவுத்தளத்தில் நிலையைக் குறிக்கும் ஒரு நெடுவரிசை, எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்ற ஓர் அட்டவணை, ஒவ்வொரு மாற்றத்தையும் யார் எப்போது செய்தார் என்று எழுதி வைக்கும் ஒரு பதிவு, காலக்கெடு தாண்டியவற்றை எழுப்ப ஒரு திட்டமிட்ட பணி. இது போதும். டைமர்களும் இணைப்புகளும் பெருகி, அந்த அட்டவணையே ஒரு எஞ்சினாக மாறத் தொடங்கும்போது உண்மையான எஞ்சினுக்குப் போகலாம். படம் வரைய பி.பி.எம்.என்.ஐஓ தளத்தின் இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். முதல் வரைவுக்கு அதுகூட வேண்டாம், வெள்ளைத்தாளும் ஒட்டுத்தாளும் மேல். கணினியில் வரைந்த படத்தைத் திருத்தச் சொல்லக் கிடங்கில் யாருக்கும் கை வராது. கையால் கிறுக்கிய படத்தில் அவர்களே அடித்து எழுதுவார்கள்.

எஞ்சினோ அட்டவணையோ, இரண்டிலும் சில விஷயங்கள் பொது. ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். கிடங்கில் நெட் விட்டுவிட்டு வரும், பொத்தானை மூன்று முறை அழுத்துவார்கள். விதிகளைப் படத்தின் சாய்சதுரங்களுக்குள் புதைக்கக் கூடாது. சிங்கிள் ஜெர்சிக்கு எத்தனை சதவீத எடைக் குறைவு ஏற்கலாம், ரிப் துணிக்கு எவ்வளவு, ஃபிளீஸுக்கு எவ்வளவு என்பதெல்லாம் உரிமையாளர் நினைத்தால் மாற்றுபவை. அவற்றை ஒரு முடிவு அட்டவணையில் வைத்துவிட்டால் படம் அமைதியாக இருக்கும். இதற்கென்றே டி.எம்.என். என்ற தரம் 2015இல் வந்தது. ஆனால் சாதாரண அட்டவணையே தொண்ணூறு பங்கு வேலையைச் செய்துவிடும். இன்னொன்று, நிலையைக் கையால் நகர்த்தும் பொத்தான். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பிடிக்காது. தூய்மை கெடுகிறது என்பார்கள். திரை ஒன்றைச் சொல்லி, ரேக்கில் துணி வேறொன்றைச் சொன்னால் துணி சொல்வதே சரி. காரணம் எழுதாமல் அழுத்த முடியாதபடி அந்தப் பொத்தானைக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அந்தக் காரணங்களைப் படித்தால், படத்தில் இன்னும் வரையாத கிளைகள் எவை என்று தெரியும்.

டைமர்களுக்குக் காலண்டர் வேண்டும். 48 மணி நேரம் என்று வைத்தால் எஞ்சின் ஞாயிற்றுக்கிழமையையும் எண்ணும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே காலியாகும் திருப்பூரில் எல்லா லாட்டும் ஒரே நாளில் "தாமதம்" என்று சிவப்பாகிவிட்டால், அதன் பிறகு சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள். லேப் டிப் டைமருக்கோ ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் விடுமுறை தேவைப்படும். பையருக்கு ஒரு காலண்டர், பட்டறைக்கு ஒரு காலண்டர், எங்களுக்கு ஒன்று என்று வைத்தோம். அவற்றைத் திருத்தும் பொறுப்பை எங்கள் குழுவில் வைத்துக்கொள்ளாமல், சம்பளப் பட்டியல் போடும் டைம் ஆபீஸில் கொடுத்தோம். விடுமுறை முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

செயல்முறையை மாற்றும் நாள் பற்றி ஒரு வார்த்தை. புதிய படத்தை ஏற்றினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய படத்திலேயே தொடரும். புதிதாகத் தொடங்குபவை மட்டும் புதிய படத்தில் ஓடும். காமுண்டா போன்ற எஞ்சின்களின் இயல்பு இது. அட்டவணை வைத்துக் கட்டினால் இதை நாமே யோசித்துச் செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு காத்திருப்பு வட்டத்திலும் இப்போது எத்தனை நிற்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டோம். பட்டறையில் இருக்கும் லாட்டுகளைப் பழைய முறையிலேயே முடியவிட்டோம். லேப் டிப் ஒப்புதலுக்காக நிற்பவற்றை மட்டும் புதிய படத்துக்கு மாற்றினோம். அங்கே கடக்க வேண்டிய தூரம் நீளம் என்பதால் பழையதில் விட்டால் இரண்டு முறைகளையும் மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடாதீர்கள். ஷிப்மென்ட்டை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் புதுத் திரையைப் பார்க்க மாட்டார்கள். விடுமுறை முடிந்து பட்டறைகள் மீண்டும் திறக்கும் முதல் நாள்களில் வெளியே கிடக்கும் லாட் குறைவாக இருக்கும். எங்களுக்கு அந்த நாள்களே தோதாக அமைந்தன.